இரவுக்கு ஒரு சாக்கு

ஹெர்மன் மெல்வில் 1851இல் வெளியிட்ட 'மொபி டிக்' திமிங்கில வேட்டையின் கதை என்றுதான் எல்லோருக்கும் தெரியும். கப்பல் ஏறுவதற்கு முன் அதில் ஒரு விடுதி வருகிறது. மாசசூசெட்ஸில் நியூ பெட்ஃபோர்ட் துறைமுகம், எலும்பை உலுக்கும் டிசம்பர் குளிர், தனிப் படுக்கை காலி இல்லை. ஈட்டி எறிபவன் ஒருவனோடு படுத்துக்கொள்ள ஆட்சேபம் உண்டா என்று கேட்கிறார் விடுதிக்காரர். கட்டில் பெரியது, கல்யாணமான அன்று நானும் என் பெண்டாட்டியும் அதில்தான் படுத்தோம் என்று நற்சான்றும் தருகிறார். விடிந்து கண் விழிக்கும் கதைசொல்லி இஷ்மேலின் மேல் பச்சை குத்திய கை ஒன்று கிடக்கிறது. ஒட்டுத்துணிப் போர்வையின் கட்டங்களும் பச்சையின் கட்டங்களும் கலந்து, எது கை எது போர்வை என்று பிரிக்க முடியவில்லை. மனைவியை அணைப்பதுபோல அவனை அணைத்துக்கொண்டு தூங்குகிறான் அந்த ஈட்டிக்காரன் க்வீக்வெக். முந்தின இரவு இஷ்மேலுக்கு இருந்த ஒரே பயம் இவன் மனிதக்கறி தின்பவனாயிற்றே என்பது. அதுவும் தீர்ந்தபின் இருவரும் ஒரே குழாயில் மாற்றி மாற்றிப் புகைத்து, உயிர்த்தோழர்களாகிறார்கள். நான் எப்படிப்பட்டவன் என்ற கேள்வி இஷ்மேலுக்கு வரவே இல்லை.

இரண்டு ஆண்கள், எதிர்பாராத ஓர் இரவு, மறுநாள் காலை ஒருவனுக்கோ இருவருக்குமோ எழும் குழப்பம். இந்த ஒரு நிகழ்வை நாவலாசிரியர்களும் திரைப்பட இயக்குநர்களும் சமூகவியலாளர்களும் திரும்பத் திரும்பத் தொட்டிருக்கிறார்கள். வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படுகிறது. இரவுக்கு எப்போதும் ஒரு சாக்கு தயாராக இருக்கிறது: குளிர், குடி, இடமில்லாமை, பயணம், காய்ச்சல். எழுத்தாளர் சாக்கைக் கையில் கொடுக்கிறார், பாத்திரம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. விடிந்தபின் அந்தச் சாக்கை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்கிறான் என்பதில்தான் கதையே இருக்கிறது. மெல்விலிடம் சாக்கு உண்டு, கேள்வி கிடையாது. கேள்வி பிறக்க இங்கிலாந்தில் ஒரு சட்டமும் ஒரு வழக்கும் தேவைப்பட்டன.

1885இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் குற்றவியல் சட்டத்தில் ஒரு திருத்தம் சேர்த்தது. இரண்டு ஆண்களுக்கிடையே நடக்கும் எந்த 'ஒழுக்கக்கேடும்', நாலு சுவருக்குள் நடந்தாலும், இரண்டாண்டுவரை சிறைக்குரியதானது. பத்தாண்டு கழித்து ஆஸ்கர் வைல்டுக்கு அந்தச் சட்டத்தின்கீழ் இரண்டாண்டுக் கடுங்காவல். மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்கு இந்தத் திருத்தம் வாழ்வாதாரமாகவே ஆகிவிட்டது. இந்தக் காற்றைச் சுவாசித்து வளர்ந்த ஈ. எம். ஃபார்ஸ்டர் 1913-14இல் 'மோரிஸ்' நாவலை எழுதினார். எழுதிப் பெட்டியில் பூட்டினார். அவர் 1970இல் இறந்து மறு வருடம்தான் அது அச்சானது. ஐம்பத்தேழு வருடம் ஒரு நாவல் கையெழுத்துப் பிரதியாகவே நண்பர்களுக்குள் சுற்றி வந்திருக்கிறது.

மோரிஸ் ஹால் லண்டனில் பங்குத் தரகன், நடுத்தர வர்க்கம், புத்திசாலி என்று சொல்லிவிட முடியாது. கேம்பிரிட்ஜில் அவன் நேசித்த க்ளைவ் கல்யாணம் செய்துகொண்டு ஒதுங்கிவிட்டான். மோரிஸ் தன்னை 'சரிசெய்துகொள்ள' அலைகிறான். குடும்ப மருத்துவர் அதெல்லாம் வெறும் பேத்தல் என்று வாயை அடைக்கிறார். வசியத் தூக்கம் செய்விக்கும் வைத்தியரோ முயன்று பார்க்கிறார், முடியாமல்போகவே, இது குற்றமாக இல்லாத பிரான்ஸுக்கோ இத்தாலிக்கோ போய்விடுங்கள் என்கிறார். இந்த அலைச்சலுக்கு நடுவில்தான் க்ளைவின் பண்ணை வீட்டில் அந்த இரவு. தூக்கமில்லாத மோரிஸ் ஜன்னலைத் திறந்து இருட்டைப் பார்த்து வரச்சொல்லிக் கூப்பிடுகிறான், யாரை என்று அவனுக்கே தெரியாது. வேட்டைக்காட்டுக் காவலாள் அலெக் ஸ்கடர் ஏணி வைத்து ஏறி வருகிறான்.

ஃபார்ஸ்டர் அந்த இரவுக்குச் செலவிடுவது சில வரிகள். அதன் பிறகான நாட்களுக்கு அத்தியாயம் அத்தியாயமாகச் செலவிடுகிறார். மறுநாள் பண்ணைக்கும் ஊருக்கும் கிரிக்கெட் போட்டி, இருவரும் ஒரே பக்கம் ஆடுகிறார்கள். அதற்கடுத்து பயம் வருகிறது. வேலைக்காரன், மிரட்டுவான், கடிதம் எழுதுவான். கடிதமும் வருகிறது, அதில் மிரட்டலும் இருக்கிறது, ஏக்கமும் இருக்கிறது, மோரிஸுக்கு மிரட்டல் மட்டுமே படிக்கக் கிடைக்கிறது. இருவரும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அசீரிய இறகுக் காளைகளுக்கு முன்னால் சந்தித்து ஒருவரையொருவர் அவமதித்துக்கொள்ளும் காட்சியை இந்தத் துறையில் எழுதப்பட்டவற்றிலேயே மேலான ஒன்றாக நான் கருதுகிறேன். தன் ஆசையைவிடத் தன் வர்க்கம்தான் மோரிஸுக்குப் பெரிய இடறல் என்பதை அந்தக் காட்சி காட்டிவிடுகிறது. இருவரையும் கடைசியில் சேர்த்துவைத்தே தீருவேன் என்று ஃபார்ஸ்டர் பிடிவாதமாக இருந்தார். பிரதியைப் படித்த எழுத்தாளர் லிட்டன் ஸ்ட்ரேச்சி, இந்த உறவு நெடுநாள் தாங்காது என்று எழுதினார். ஸ்ட்ரேச்சியின் கிண்டலில் நியாயம் உண்டு, நாவலின் முடிவு விருப்பத்தால் எழுதப்பட்டது, அனுபவத்தால் அல்ல. ஆனால் சந்தோஷமாக முடிவதே அந்நாளில் குற்றம். தூக்கில் தொங்கியிருந்தால் அச்சிட்டிருப்பார்கள்.

அடுத்த திருப்பம் 1948 ஜனவரி. அந்த ஒரே மாதத்தில் அமெரிக்காவில் இரண்டு புத்தகங்கள் வந்தன. ஒன்று இருபத்திரண்டு வயது கோர் வைடலின் 'தி சிட்டி அண்ட் தி பில்லர்' நாவல். ஆற்றங்கரைக் குடிசையில் நண்பனோடு கழிந்த ஓர் இரவை ஜிம் வருடக்கணக்காகச் சுமக்கிறான், நண்பனுக்கோ அது மறந்துபோன விளையாட்டு. ஒரே இரவு இருவருக்கும் ஒரே அளவில் நடப்பதில்லை என்பதை முதலில் அப்பட்டமாகச் சொன்ன நாவல் இதுவே. மறுபடி சந்திக்கும்போது அது கொலையில் முடிகிறது, 1965இல் திருத்தி வெளியிட்டபோது வைடல் கொலையை எடுத்துவிட்டார். நாவலாக அது சுமார்தான். அதற்கு அவர் கொடுத்த விலை பெரியது: நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அடுத்து வந்த அவருடைய நாவல்களுக்குப் பல வருடம் மதிப்புரையே போடவில்லை.

இன்னொரு புத்தகம் இண்டியானா பல்கலைக்கழகத்துப் பூச்சியியலாளர் ஆல்ஃப்ரெட் கின்ஸியுடையது. குளவிகளைச் சேகரித்துக்கொண்டிருந்தவர் அதே பொறுமையோடு மனிதர்களின் பாலுறவு வரலாறுகளைச் சேகரிக்க ஆரம்பித்தார். அவருடைய கணக்கில் அமெரிக்க வெள்ளை ஆண்களில் 37 சதவீதத்தினருக்கு இளமைக்கும் முதுமைக்கும் இடையில் ஒரு தடவையாவது இன்னொரு ஆணோடு முழு அனுபவம் இருந்திருக்கிறது. சிறைவாசிகளையும் தாமாக முன்வந்தவர்களையும் அதிகம் சேர்த்துவிட்டார் என்று புள்ளியியலாளர்கள் பின்னர் குறை சொன்னார்கள், குறை சரியானதே. எண் ஆட்டம் கண்டாலும் அவர் போட்ட அளவுகோல் நிலைத்தது. 0 முதல் 6 வரை, பெண்ணை மட்டுமே நாடுபவன் ஒரு கோடியில், ஆணை மட்டுமே நாடுபவன் மறு கோடியில், மற்றவர்கள் நடுவில் எங்கெங்கோ. ஒரே ஆள் வாழ்க்கையின் வெவ்வேறு கட்டங்களில் வெவ்வேறு எண்ணில் நிற்கலாம். மறுநாள் காலை கண்ணாடிக்கு முன் நின்று குழம்பியவனுக்கு இது பெரிய நிம்மதி. அதுவரை அவனுக்கு இருந்தது இரண்டே அறைகள், ஒன்றிலிருந்து தூக்கி மற்றதில் போட்டுவிடுவார்கள்.

1994இல் சிகாகோ பல்கலைக்கழகத்து எட்வர்ட் லவ்மன் குழு முறையான மாதிரியெடுப்போடு செய்த ஆய்வில் எண்கள் வெகுவாகக் குறைந்தன. ஆண்களில் 2.8 சதவீதம் பேர்தான் தங்களைத் தன்பாலீர்ப்பாளர் என்றோ இருபாலீர்ப்பாளர் என்றோ சொன்னார்கள். பருவமடைந்த பிறகு ஓர் ஆணோடு ஏதோ ஒரு அனுபவம் உண்டு என்றவர்களோ சுமார் 9 சதவீதம். நடந்தது, விரும்புவது, தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது ஆகிய மூன்றும் ஒரே ஆட்களிடம் ஒன்றாக இருப்பதில்லை. அந்த இடைவெளியில் நிற்கும் ஆண்களைத் தேடிப் போனவர்களின் ஆய்வுகள்தான் எனக்கு அதிக சுவாரஸ்யம்.

சமூகவியலாளர் லாட் ஹம்ப்ரிஸ் 1970இல் வெளியிட்ட 'டீரூம் ட்ரேட்' அவற்றில் மூத்தது, பேர் கெட்டதும்கூட. செயிண்ட் லூயிஸ் நகரப் பூங்காக் கழிப்பறைகளில் காவல் நிற்பவன்போல நின்று கவனித்தார், வந்துபோனவர்களின் கார் எண்களைக் குறித்துக்கொண்டார், பின்னால் மாறுவேடத்தில் அவர்கள் வீட்டுக்கே போய்ச் சுகாதார ஆய்வு என்று சொல்லிப் பேட்டி எடுத்தார். ஆராய்ச்சி அறம் பற்றிய வகுப்புகளில் இன்றும் செய்யக்கூடாததற்கு உதாரணம் அவர்தான். ஆனால் அவர் கண்டது காவல்துறையின் கற்பனையைக் கலைத்தது. வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மனைவியோடு குடும்பம் நடத்துபவர்கள், தோட்டப் புல்லை ஒழுங்காக வெட்டுபவர்கள், ஞாயிறு தேவாலயம் போகிறவர்கள். அண்மைக்காலத்தில் சமூகவியலாளர் டோனி சில்வா அமெரிக்கக் கிராமப்புற ஆண்களிடம் நிதானமாகப் பேசியிருக்கிறார். 'உதவிக்கு உதவி', 'நண்பர்களுக்குள் சும்மா' என்று விளக்கிவிட்டு, நாங்கள் சாதாரண ஆண்களே என்கிறார்கள் அவர்கள். பொய் சொல்கிறார்கள் என்று சிரித்துவிடுவது சுலபம். அவர்கள் வாழும் ஊரில் அந்த விளக்கம் ஒரு கதவைப் பூட்டாமல் வைத்திருக்கிறது என்று சில்வா காட்டுவதைத்தான் நான் ஏற்கிறேன்.

ஜேம்ஸ் பால்ட்வினிடம் இந்த விளக்கம் ஒன்றும் எடுபடாது. 1956இல் வந்த 'ஜியோவானியின் அறை' நாவலை அவருடைய முதல் பதிப்பாளர் க்னாஃப் வாங்க மறுத்தது. கறுப்பர் வாழ்வை எழுதிப் பேர் வாங்கியவர் வெள்ளையர்களை மட்டுமே வைத்து, அதுவும் இப்படி ஒரு கதையை ஏன் எழுத வேண்டும் என்று அவர்களுக்குக் கலக்கம். அமெரிக்க இளைஞன் டேவிட், நிச்சயிக்கப்பட்டவள் ஹெல்லா ஸ்பெயினில், தான் பாரிஸில், கையில் காசில்லை. சாக்குகள் எல்லாம் தயார். மதுக்கூடத்தில் ஊற்றிக் கொடுக்கும் இத்தாலியன் ஜியோவானியோடு இரவு முழுக்கப் பேச்சு, பொழுது விடியும்போது லே ஆல் சந்தைப் பக்கம் சிப்பியும் வெள்ளை ஒயினும், பிறகு அந்த அறை. பால்ட்வின் செய்யும் வேலை கவனிக்க வேண்டியது. இரவு நடப்பதற்கு முன்பே விடியலைக் கொண்டுவந்துவிடுகிறார். காய்கறி வண்டிகள் இறங்கும் சந்தையைக் கடந்து, பகல் வெளிச்சத்தில், இருவருக்கும் தெரிந்தே அது நடக்கிறது. இருட்டு என்ற சாக்கு டேவிட்டுக்குக் கிடைப்பதில்லை. அதனால் அவன் வேறு சாக்கைப் பிடிக்கிறான்: அறை அழுக்கு, ஜியோவானி என்னை மூச்சுமுட்ட வைக்கிறான், நான் ஆண்பிள்ளை, ஊருக்குப் போய்க் குடும்பம் நடத்த வேண்டியவன். ஜியோவானி ஒரு கொலை செய்து கில்லட்டினுக்குப் போகிறான். பெரும்பாலும் அவன் சாகப்போகும் விடியலுக்கு முந்தின இரவிலிருந்து சொல்லப்படும் கதை அது. டேவிட்டின் குற்றத்தைப் பால்ட்வின் பாலியலில் வைக்கவில்லை, நேசிக்க மறுத்ததில் வைக்கிறார். அந்தத் துணிச்சல் அவருக்கு முன் யாரிடமும் இல்லை.

சாக்கை ஒரு கலையாகவே செய்தவர் ஆனி ப்ரூ. 'ப்ரோக்பேக் மௌண்டன்' சிறுகதை 1997 அக்டோபரில் நியூயார்க்கர் இதழில் வந்தது, ஆங் லீயின் படம் 2005இல். வருடம் 1963, வயோமிங் மலை, இரண்டு ஏழைப் பையன்கள், இருபது வயதுகூட நிரம்பவில்லை, ஆட்டு மந்தை. மேலே மந்தைக்குத் திரும்ப முடியாத அளவு விஸ்கி குடித்துவிட்டுக் கூடாரத்தின் வெறுந்தரையில் படுக்கும் என்னிஸின் பல் கிட்டுகிற சத்தத்தில் ஜாக்குக்குத் தூக்கம் கலைகிறது. எரிச்சலோடு தன் படுக்கைக்குள் வரச் சொல்கிறான். குளிர், குடி, எரிச்சல் என்று மூன்று சாக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார் ப்ரூ. மறுநாள் இருவரும் நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று மாறி மாறிச் சொல்லிக்கொள்கிறார்கள். ஒரே ஒரு தடவைதான் என்கிறார்கள். அது இருபது வருடம் நீள்கிறது.

கோடை முடிந்து பிரியும் இடத்தை மறக்க முடியாது. கைகுலுக்கிவிட்டு ஆளுக்கொரு திசை. கொஞ்ச தூரம் போனதும் என்னிஸ் வண்டியை ஓரம் கட்டி, குடலே வெளியே வருவதுபோல ஓங்கரிக்கிறான், ஒன்றும் வரவில்லை. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறான். அது வேறு வலி என்று புரிய அவனுக்கு ஒரு வருடம் பிடிக்கிறது. 'நான் யார்' என்ற கேள்வியை ஒரு வார்த்தைகூட எழுதாமல் உடம்பின்மேல் எழுதிக் காட்டியதற்கு இதைவிடச் சிறந்த பக்கம் எனக்குத் தெரியாது. என்னிஸைத் தடுப்பது வெறும் கூச்சமும் அல்ல. ஒன்பது வயதில் அவனைத் தகப்பன் கூட்டிப்போய் ஒரு பிணத்தைக் காட்டியிருக்கிறான், இன்னொரு ஆணோடு சேர்ந்து வாழ்ந்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டவனின் பிணத்தை. கதை வெளிவந்த மறு வருடம் இதே வயோமிங்கில் மேத்யூ ஷெப்பர்ட் என்ற கல்லூரி மாணவர் வேலியில் கட்டப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார்.

ப்ரூவுக்கு இன்னொரு தொல்லை வந்தது. வாசகர்கள், முக்கியமாக ஆண்கள், கதையைச் சந்தோஷமாக முடித்து எழுதி அவருக்கே அனுப்பினார்கள். இதை எழுதியிருக்கவே வேண்டாம் என்று நினைக்கும் அளவுக்கு அவர் சலித்துப்போனார். அந்த வாசகர்களின் ஆசையைக் கெட்டிக்காரத்தனமாக நிறைவேற்றியவர் 'காட்ஸ் ஓன் கன்ட்ரி' (2017) எடுத்த ஃபிரான்சிஸ் லீ. மறுபடி ஆடு, மலை, குளிர், இந்த முறை இங்கிலாந்தின் யார்க்‌ஷயர். ருமேனியக் கூலியாள் கியோர்கே செத்த குட்டியின் தோலை உரித்துத் தாயில்லாக் குட்டிக்குச் சட்டையாகப் போட்டுவிடுகிறான். குட்டியை இழந்த தாயாடு மோந்து பார்த்துவிட்டுப் பால் கொடுக்கிறது. இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பண்ணைக்காரன் மகன் ஜானிக்கு அதுவரை உடம்பு தெரியும், பரிவு தெரியாது. அவனுடைய கேள்வி தான் யார் என்பது அல்ல, தன்னால் ஒருவனோடு வாழ முடியுமா என்பது. ஐம்பது வருடச் சட்டமாற்றம் கேள்வியை அப்படி நகர்த்தியிருக்கிறது.

ஆண்ட்ரூ ஹேயின் 'வீக்கெண்ட்' (2011) சாக்கையே கைவிட்ட படம். நாட்டிங்ஹாமில் வெள்ளிக்கிழமை இரவு விடுதியொன்றில் ரஸ்ஸலும் க்ளென்னும் சந்திக்கிறார்கள். அந்த இரவை ஹேய் காட்டவே இல்லை, வெட்டி நேரே காலைக்குப் போய்விடுகிறார். படுக்கையில் காபி, க்ளென்னின் கையில் ஒலிப்பதிவுக் கருவி. நேற்றிரவு நடந்ததைச் சொல், கூச்சப்படாமல் சொல் என்று நச்சரிக்கிறான், ஏதோ கலைத்திட்டமாம். ரஸ்ஸல் நெளிகிறான், வார்த்தை வரவில்லை. இவர்கள் இருவருமே தங்களை அறிந்தவர்கள், பயம் சட்டத்தைப் பற்றியும் அல்ல. ஆனாலும் சொல்லும்போது முந்தின இரவு வேறாக ஆகிவிடுகிறது, இருவருக்கும் அது தெரிகிறது. பாரி ஜென்கின்ஸின் 'மூன்லைட்' (2016) இதற்கு எதிர்த்திசை. இளமையில் கடற்கரையில் கிடைத்த ஒரு பரிவைப் பற்றிப் பேச ஆளில்லாமல் ஷைரன் தசையை வளர்த்து, பல்லுக்குத் தங்கக்கவசம் மாட்டி, போதைப்பொருள் விற்பவனாகிறான். வருடங்கள் கழித்து அட்லாண்டாவிலிருந்து மயாமிக்கு வண்டி ஓட்டிப் போய், இப்போது சமையல்காரனாக இருக்கும் கெவின் முன்னால் உட்கார்ந்து, உனக்குப் பின் யாரும் என்னைத் தொட்டதில்லை என்ற ஒன்றைச் சொல்ல அவனுக்கு ஒரு வேளைச் சாப்பாடும் பாதி இரவும் ஆகின்றன.

இந்தியாவுக்கு வரும்போது சாக்குக் கணக்கே மாறுகிறது. மேற்கில் இரண்டு ஆண்கள் ஒரே கட்டிலுக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதற்கு விளக்கம் வேண்டும், அதற்காக மலையும் பனியும் வேண்டும். இங்கே திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஓர் அறைக்கு நாலு பேர், கல்யாண மண்டபத்து ஹாலில் ஜமக்காளத்தை விரித்து மாமன் மச்சான் எல்லாம் வரிசையாகப் படுக்கை, கோடையில் மொட்டைமாடி. தோளில் கைபோட்டு நடக்கும் இரண்டு ஆண்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஒரு பெண்ணும் ஆணும் அப்படிப் போனால்தான் தெருவே நிற்கும். இரவு இங்கே இலவசம். ஆகவே நெருக்கடி காலையில் வருவதில்லை, முகூர்த்தத் தேதியில் வருகிறது. நம் மொழிகளில் இதைத் தொட்ட முக்கியமான படைப்புகள் பலவும் கேள்வியைக் கல்யாணத்தில் வைத்தே கேட்கின்றன என்பது தற்செயல் அல்ல.

வசுதேந்திரா 2013இல் வெளியிட்ட கன்னடத் தொகுப்பு 'மோகனசாமி' இதற்குச் சரியான சாட்சி. பெங்களூரில் வேலை, கார்த்திக்கோடு ஒரே வீடு, அவனுக்குச் சமைத்துப் போடுவது மோகனசாமிக்குச் சந்தோஷம். வருடக்கணக்கான இரவுகளைப் பற்றிக் கார்த்திக்குக்கு எந்தக் குழப்பமும் இல்லை, ஏனென்றால் அவனைப் பொறுத்தவரை அவை கணக்கில் சேரவே இல்லை. பெண் பார்த்தாயிற்று, அவன் கிளம்பிவிடுகிறான். சென்னையில் எய்ட்ஸ் தடுப்புப் பணியில் இருந்தவர்கள் பெண்சாயல் கொண்டவனைக் 'கோத்தி' என்றும் ஆண்பிள்ளையாகவே நடந்துகொள்பவனைப் 'பந்தி' என்றும் சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். கார்த்திக் பந்தி. பந்திக்குத் தன்னைப் பற்றிய சந்தேகம் வருவது அபூர்வம், சந்தேகம் முழுவதையும் கோத்தியே சுமக்க வேண்டும். 1990களில் சுகாதாரத் திட்டங்கள் 'ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள்' என்று நடத்தையை மட்டும் வைத்து ஒரு பிரிவை உருவாக்கியதும் இந்த ஆட்களை எட்டத்தான். நீ யார் என்று கேட்டால் அவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். ஆணுறையைக் கையில் கொடுக்க அந்தக் கேள்வி தேவையில்லை.

சச்சின் குண்டல்கரின் மராத்தி நாவல் 'கோபால்ட் ப்ளூ' (2006) இன்னும் கொடூரமான ஒரு கோணத்தைப் பிடிக்கிறது. வீட்டுக்கு வாடகைக்கு வந்த இளைஞனை அண்ணன் தனயும் நேசிக்கிறான், தங்கை அனுஜாவும் நேசிக்கிறாள், ஒருவருக்கு மற்றவர் விஷயம் தெரியாது. அவன் தங்கையோடு ஓடிப்போகிறான். மகளுக்காக வீடே இடிந்து உட்கார்கிறது. தனயோ அதே துக்கத்தை யாரிடமும் சொல்ல முடியாமல் போனவனை 'நீ' என்று விளித்து மனதுக்குள் பேசிக்கொண்டே இருக்கிறான். கீது மோகன்தாஸின் மலையாளப் படம் 'மூத்தோன்' (2019) லட்சத்தீவில் நடக்கும் காதலை ஒருவனுக்குப் பேச்சே வராதவனாக வைத்துச் சொல்கிறது. சாக்குச் சொல்லவும் வாயில்லை. இந்தி இலக்கியத்தில் 'உக்ர' 1924இல் 'மத்வாலா' இதழில் எழுதிய 'சாக்லேட்' கதைகளையும் இங்கே சொல்ல வேண்டும், சுருக்கமாகச் சொன்னால் போதும். கண்டிப்பதற்காக எழுதுகிறேன் என்றார், ஆசையோடு படித்தார்கள், ஆபாசமா இல்லையா என்ற தகராறு காந்திவரை போனது.

தமிழில்? கரிச்சான் குஞ்சுவின் 'பசித்த மானிடம்' 1978இல் வந்தது. தொழுநோயோடு ஊர் திரும்பும் கணேசனின் கடந்தகாலத்தில் அவன் அழகுக்கு ஆசைப்பட்ட பணக்கார ஆண்கள் வருகிறார்கள். நாவல் அதைப் பார்த்து முகம் சுளிப்பதும் இல்லை, தோளில் தூக்கிக் கொண்டாடுவதும் இல்லை. சோற்றுப்பசி, பணப்பசி, அதிகாரப்பசி, உடற்பசி எல்லாம் ஒரே பந்தியில் உட்கார்கின்றன. ஆனால் மெல்விலைப் போலவே கரிச்சான் குஞ்சுவிடமும் அடையாளம் பற்றிய கேள்வி எழுவதில்லை. கேள்வி எழுந்த தமிழ் வாழ்க்கை ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டது. ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்' (1994) கொழும்புத் தமிழ்ச் சிறுவன் அர்ஜி தன்னைக் கண்டறிவதை 1983 கலவரத்துக்கு இட்டுச்செல்லும் நாட்களோடு பின்னிச் சொன்னது. அவன் நெருங்குவது சிங்களப் பையனிடம், ஆக இரண்டு எல்லைகளை ஒரே அடியில் தாண்டுகிறான். நம் வணிக சினிமாவோ 2006இல்கூட 'வேட்டையாடு விளையாடு'வில் இரண்டு கொலைகாரர்களை அவமானப்படுத்தக் கதாநாயகனுக்குக் கிடைத்த வசை இதுதான் என்று கைதட்டிக்கொண்டிருந்தது.

சட்டத்தின் கதை இங்கே பலருக்கும் தெரிந்ததே. தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு 2009இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தளர்ந்து, 2013இல் மீண்டு, 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தில் வலுவிழந்தது. அதைவிட என் மனதில் நிற்பது 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது. தன்பாலீர்ப்பு இணையர் தொடுத்த வழக்கில் தீர்ப்பெழுதும் முன் தன் சொந்த முன்முடிவுகளைக் கலைத்துக்கொள்ள வேண்டும் என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உளவியலாளர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார், அதைத் தீர்ப்பிலும் எழுதினார். 'மாற்றிக் காட்டுகிறேன்' என்னும் சிகிச்சைகளுக்குத் தடை சொன்னதும் அந்த வழக்குதான், மறு வருடம் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. மோரிஸ் ஏறி இறங்கிய வைத்தியரின் படிக்கட்டு, தாளிலாவது, இங்கே மூடப்பட்டிருக்கிறது.

இந்தப் படைப்புகள் பலவற்றிலும் ஓரமாக நிற்கும் ஒருத்தி உண்டு, மனைவி அல்லது மனைவியாகப் போகிறவள். ஹெல்லா தென்பிரான்ஸின் மதுக்கூடமொன்றில் டேவிட்டைத் தேடிக் கண்டுபிடித்தபின் மூட்டை கட்டுகிறாள். என்னிஸின் மனைவி அல்மா செய்ததைப் படித்தால் நெஞ்சு அடைக்கும். கணவன் ஜாக்கோடு மீன்பிடிக்கப் போகிறான், போகிறான், மீன் மட்டும் வருவதில்லை. ஐந்து வருடமாகியும் விலைச்சீட்டு கிழியாத மீன்கூடையைத் திறந்து, தூண்டில் நுனியில் ஒரு துண்டுச்சீட்டு கட்டி அனுப்புகிறாள், வரும்போது மீன் கொண்டுவா என்று எழுதி. சீட்டு நனையாமல் அப்படியே திரும்பி வருகிறது. அவள் அதை வெளியே சொல்வது விவாகரத்துக்குப் பின், ஒரு பண்டிகை நாளில், பாத்திரம் கழுவிக்கொண்டே. ஆண்களின் சாக்குக்கு விலை கொடுத்தவள் இவள் என்று ப்ரூவுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் கதை அவளுடையதாக ஆவதில்லை.

ஜியோ பேபியின் 'காதல் - தி கோர்' (2023) அங்கேதான் வேறுபடுகிறது. இரண்டு ஆண்கள் சேரும் ஓர் இரவுகூட அந்தப் படத்தில் இல்லை. மம்மூட்டி நடித்த மேத்யூ உள்ளாட்சித் தேர்தலில் வேட்பாளர், ஓட்டுநர் பயிற்சி நடத்தும் தங்கனுக்கும் அவருக்கும் எப்போது என்ன தொடங்கியது என்று படம் விசாரிப்பதும் இல்லை. மகனைப் பற்றித் தெரிந்தே தகப்பன் கட்டிவைத்த கல்யாணம் அது. விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகள் மட்டுமே நெருங்கிய ஒரு தாம்பத்தியத்தில் இருபது வருடம் கழித்த மனைவி ஓமனா, நம் ஜோதிகா, பிரச்சாரம் நடந்துகொண்டிருக்கும்போதே குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போடுகிறார். பழிவாங்க அல்ல, பிரசுரத்தோடு ஊர் சுற்றும் கணவனுக்கு அவர் வீட்டில் சாப்பாடும் எடுத்துவைக்கிறார். மேத்யூ முதலில் செய்வது மறுப்பு, எல்லாச் சாக்குகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார். அவரை ஒப்புக்கொள்ளவைப்பது காதலனோ மருத்துவரோ கின்ஸியின் அளவுகோலோ இல்லை. இந்த வழக்கில் எனக்கு விடுதலை கிடைத்தால் உங்களுக்கும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, நீதிமன்றப் படியேறிய ஒரு பெண்.